திருட்டு சிக்னல்

"எழுநூத்தி எண்பத்தாறு எதுக்கு பாய் அடிக்கிற?"

மணவாளன் இதைக் கேட்டபோது ஜமீல் அகமது ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கியர் பெட்டியிலிருந்து சொட்டிய ஆயில் கன்னத்தில் விழுந்து காதுப்பக்கமாக வழிந்தது. அதைத் துடைக்கவும் மறந்து கிடந்தான். அவன் கிடந்த இடத்திலிருந்து பாலிஷ் போட்ட இரண்டு ஷூக்கள் மட்டும்தான் தெரிந்தன.

"எங்க கேட்ட?"

"உன் இடத்துல இல்ல. அந்தத் திருட்டு சிக்னல்ல."

ஜமீல் ஊர்ந்து வெளியே வந்தான். மணவாளன் அரக்கோணம் ரயில்வேயில் தந்தி குமாஸ்தா. சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, பட்டாளம் விற்றுத் தள்ளிய சாமான்களை வைத்துச் சொந்தமாக வயர்லெஸ் செட் செய்து, சாயங்காலமானால் ஆகாயத்தில் தந்தி அடித்துப் பேசிக்கொள்கிற நாலைந்து பைத்தியங்களில் இவர்கள் இரண்டு பேரும் சேர்த்தி. உலகச் சண்டை முடிந்த நாளிலிருந்து சிநேகம். ஆனால் இன்றைக்கு மணவாளன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவில்லை. ரோட்டில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

திருட்டு சிக்னல் என்பது இவர்களாக வைத்த பெயர். கையால் செய்த செட் எதுவும் சொன்ன பேச்சை முழுசாகக் கேட்காது. ஏழு மெகாசைக்கிளில் பேசு என்றால் அங்கேயும் பேசும், யாருக்கும் தெரியாமல் இன்னொரு இடத்தில் அதையே முணுமுணுக்கவும் செய்யும். ஒரு சுருள் சரியாக நிற்காவிட்டால் போதும், ஒரு வால்வு தானாகத் துள்ளினால் போதும். மற்ற நாளாயிருந்தால் வெறும் தலைவலி. ஆனால் ஜமீலின் செட் முணுமுணுத்த இடம் போலீஸ் வயர்லெஸ் பேசுகிற இடம். நாளோ, முசல்மான் நவாப் ஆண்ட ஐதராபாத்துக்குப் பட்டாளம் கிளம்பப் போகிறது என்று பஜாரெல்லாம் கிசுகிசுத்துக்கொண்டிருந்த நாற்பத்தெட்டாம் வருஷத்துச் செப்டம்பர். திருத்தணியில் ஒரு முசல்மான் வீட்டுக் கூரைக் கம்பியிலிருந்து புரியாத சத்தம் போலீஸ் காதில் விழுகிறது என்றால், அதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? சித்தூரிலிருந்து வயர்லெஸ் ஆபீசர் வந்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு ரிசீவரோடு திரும்ப வருவேன், அந்தச் சத்தம் அப்போதும் இருந்தால் செட்டையும் ஏற்றிக்கொள்வேன், உன்னையும் ஏற்றிக்கொள்வேன் என்று நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஏற்றிக்கொண்டு போனவன் எப்போது வீடு திரும்புவான் என்று கேட்க அந்த நாளில் நாதியில்லை.

இன்றைக்குப் புதன்.

"அத நான் அடிக்கவே இல்ல மணவாளா."

"உன் கை பாய் அது. உன் கை எனக்குத் தெரியாதா?"

தந்தி அடிக்கிறவர்களுக்கு இது சாதாரணப் பேச்சு. ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு, குரல் மாதிரி. ஜமீலின் கை, கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுக்கும். பத்துப் பேர் சேர்ந்து அடித்தாலும் மணவாளன் அதைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடுவான்.

"உன் இடத்துல சுத்தமாத்தான் வருது. அந்தத் திருட்டு இடத்துல மட்டும் மொதல்ல ஏழு, எட்டு, ஆறு. அப்புறம்தான் உன் பேரு. ஆபீசர் என்னையும் எழுதித் தரச் சொல்லிக்கிறாரு. கேட்டதத்தான் எழுதுவேன். எனக்கும் குடும்பம் கீது பாய்."

சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டினான். டீ வாங்கித் தருகிறேன் என்று ஜமீல் கூப்பிட்டது அவன் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. அடப்பாவி, நீயுமா என்று ஜமீல் ஸ்பானரைத் தரையில் எறிந்தான். ஆனால் அவனைக் குடைந்தது வேறு.

எழுநூற்று எண்பத்தாறை அவன் அடிக்கிறவன்தான். கடுதாசியின் தலையில், கடைப் பலகையின் தலையில் ஆண்டவன் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணை எழுதித் தொடங்குவது முசல்மான்கள் பழக்கம். ஜமீல் அதைத் தந்திச் சாவிக்கும் கொண்டுவந்திருந்தான். உட்கார்ந்ததும் ஒரு தடவை அதைத் தட்டிவிட்டுத்தான் மற்றது. ஆனால் அது பாட்டரி வயரை மாட்டுவதற்கு முன்னால். கரண்ட் இல்லாத வெறும் சாவியில். அவனுக்கும் சாவிக்கும் நடுவே நடக்கிற சங்கதி அது. அது எந்தக் கம்பியில் ஏறி, எப்படி அரக்கோணம் போய்ச் சேரும்?

*

வீடு மலையடிவாரத்தில். முன்னறையில் மேசை, மேசைமேல் செட், கீழே லாரி பாட்டரி. பின்னால் அடுக்களையில் பழைய பட்டாளத்து ரிசீவர். அங்கே காதில் ஹெட்போன் குழாயை மாட்டிக்கொண்டு ஹுசைனா உட்காருவாள். அவளுக்குத் தந்தி பாஷை தெரியாது. ஆனால் புருஷன் தட்டுவது எது, ஊரான் தட்டுவது எது என்று தெரியும்.

"சனிக்கெழமைக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று கேட்டாள்.

"முடிச்சிடுவேன்."

"முடியலன்னா நானும் சித்தூர் வந்துடுவேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே குந்திகினு இருப்பேன். என்னெ எவன் எழுப்புறான்னு பாக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. இவளை விட்டுவிட்டுப் போக முடியாது. அவன் பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

நாலு மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்து, வால்வையும் சுருள்களையும் உள்ளே வைத்து மூடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்தான். செட்டுக்குள்ளிருந்து எது வழிந்தாலும் தகடு அதை விழுங்கிவிடும். ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பட்டுக் குங்கிலியம் புகைந்தது, ஈயம் உருகி மூலைமூலையாக ஓடியது, அறை முழுக்க அந்தக் காரமான வாடை. திருட்டு இடத்தில் ரிசீவரை நிறுத்தி ஹுசைனா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூலை அடைபடும்போதும் அவன் சாவியை அழுத்தினான்.

"எப்டி கீது?"

"கொஞ்சம் கம்மி!"

"இப்ப?"

"பாதி ஆயிடுச்சுங்க!"

அவனுக்கு உயிர் வந்தது. பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தான். மலைமேல் சாயங்கால மணி அடித்தது. தினமும் கூரை ஓட்டைத் துளைத்துக்கொண்டு இறங்குகிற மணி, இன்றைக்கு யாரோ அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு அடிப்பது போல மொத்தென்று கேட்டது. காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மணவாளன் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. பார்த்துவிடலாமே என்று, கழற்றிய வயரை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெறும் சாவியில் தட்டினான். ஏழு. எட்டு. ஆறு.

"ஆங், இது நல்லா கேக்குது!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "மொதல்ல எப்பவும் ஒண்ணு தட்டுவீங்களே, அதுதானே?"

வயர் அவன் கையில்தான் இருந்தது. செம்பு முனை உள்ளங்கையைக் குத்தியது.

"சாவிச் சத்தம் கேட்டிருக்கும் உனக்கு."

"காதுல குழாய மாட்டிகினு கீறேன். சாவிச் சத்தம் எங்க கேக்கும்? இதோ, இன்னும் அடிக்குதே."

அவன் கை சாவியின்மேல் இல்லை.

*

கண்டென்சரில் மிச்சக் கரண்ட் நின்றிருக்கும். அதுதான். இப்படித்தான் வியாழக்கிழமை காலையில் அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கஜபதி டீக்கடைக்குப் போனான். மெக்கானிக் புத்தி, எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டால் தூங்கிவிடும்.

"ஒரு டீ, கஜபதி."

கஜபதி கிளாசைக் கழுவினான். டீயை ஆற்றினான். ஜமீலின் தோளுக்குமேல் கையை நீட்டிப் பின்னால் நின்றவனுக்குக் கொடுத்தான். ஜமீல் இன்னொரு தடவை கேட்டான், கொஞ்சம் சத்தமாக. கஜபதி ஈ ஓட்டுகிற மாதிரி முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். பெஞ்சில் இருந்தவர்கள் பட்டாளம், ஐதராபாத் என்று பேசிக்கொண்டே போனார்கள். ஒருவன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரிதான். ஊர் முடிவு பண்ணிவிட்டது. ஜமீலுக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் கஜபதியின் பெண்சாதிக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி வண்டி ஓட்டினவன் யார்? "இருங்கடா, சனிக்கிழமை ஆகட்டும். ஆபீசர் வாயால சொல்லட்டும், அப்புறம் வச்சிக்கிறேன்" என்று வாய்விட்டே சொன்னான். அதற்கும் யாரும் திரும்பவில்லை. பட்டறையிலும் அதே கதைதான். பஸ்ஸைக் கொண்டுபோக வந்த டிரைவர், அவன் நீட்டிய சாவியை வாங்காமல் நேராகப் பலகையிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். மிஷின் சத்தம் அமுங்கலாகக் கேட்டது. இத்தனை விரோதம் இவர்கள் மனதில் எப்போதிலிருந்து இருந்தது?

மலையிலிருந்து இறங்கிய ஒரு குரங்கு பட்டறைக்குள் வந்தது. அவன் மடியில் பிரித்து வைத்திருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகத் தின்றது. ஸ்பானரை ஓங்கினான். கத்தினான். அது காதைச் சொறிந்துகொண்டது. குரங்குக்கு என்ன ஐதராபாத்து என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிடிவாதமாக உட்கார்ந்தான். பென்சில் கனத்துக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தான். செட்டுக்குள் போகிற, வருகிற ஒவ்வொரு வயரிலும் ஒன்று. திருட்டுத்தனமாக எது நழுவப் பார்த்தாலும் அந்தச் சுருள் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் ஏழு சுருள் ஆயிற்று.

"ஹுசைனா, இப்ப எப்டி கீது?"

அடுக்களைப் பக்கம் திரும்பி மறுபடி கூப்பிட்டான்.

"ஹுசைனா!"

மூன்றாம் தடவைதான் அவள் குரல் வந்தது. "முக்காவாசி போயிடுச்சுங்க. ரொம்ப உத்துக் கேட்டாத்தான் தெரியுது."

"அப்பிடிப் போடு!"

சந்தோஷத்தில் அடுக்களைக்கு ஓடினான். அவள் குழாயை மாட்டிக்கொண்டு முன்னறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்றிருந்தான். அவள் சிரிப்பு அவன்மேல் விழவில்லை. அவனைத் தாண்டி, மேசை இருந்த பக்கம் போயிற்று.

"இன்னும் ஒரு நாள்ல முடிஞ்சிடும், இல்லீங்க?" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்த வேகம், வேறென்ன.

*

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகைக்குப் போனான். ஊர் ஒதுக்கினால் ஒதுக்கட்டும், இங்கே தன் ஜனம் இருக்கிறது. அந்த நினைப்பே நெஞ்சுக்கு இதமாக இருந்தது. கை கால் அலம்பினான். தண்ணீர் குளிரவில்லை. இரண்டாம் வரிசையில், எப்போதும் நிற்கிற தூணோரம், வெற்றிலை வியாபாரி காதருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நின்றான்.

"நடுவுல எடம் உடாதீங்க. நெருங்கி நில்லுங்க" என்று இமாம் சொன்னார்.

காதர் இடது பக்கம் பார்த்தார். ஜமீல் நின்ற இடத்தை நேராகப் பார்த்தார். பின்வரிசையில் நின்ற பையனைக் கையசைத்து, "வாப்பா, இங்க ஒரு ஆள் எடம் கீது" என்று கூப்பிட்டார்.

பையன் வந்தான். ஜமீல் நின்ற இடத்தில் நின்றான்.

இடிக்கவில்லை. தள்ளவில்லை. ஒரு நொடி ஜமீலின் மூக்கில் வேறொருவன் தலைக்குத் தேய்த்த எண்ணெயின் வாடை உள்ளேயிருந்தே வந்தது. அடுத்த நொடி அவன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். வரிசை மூடிக்கொண்டது. நாற்பது முதுகுகள் ஒன்றாகக் குனிந்தன.

காதருக்கு அவன்மேல் என்ன விரோதம்? அவர் வீட்டுக் கல்யாணத்தில் அவன் பந்தி பரிமாறியவன். அவருக்கு என்ன ஐதராபாத்து?

நேற்றைய கஜபதியின் கை ஞாபகம் வந்தது. ஈ ஓட்டிய கை. அதில் கோபமே இல்லை. குரங்கு. டிரைவர். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்ப வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. இத்தனை நாழியாகத் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்திருக்கிறான், பைத்தியக்காரன்!

புதன்கிழமை டின் பெட்டி. மணி மொத்தென்று கேட்டது. வியாழக்கிழமை சுருள். ஹுசைனாவை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

ஓடினான். வெயில் கொளுத்துகிற வீதியில் ஓடினான். கால் மண்ணில் பட்ட சத்தம் இல்லை.

*

வீட்டில் ஹுசைனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்று கூப்பிட்டான். கத்தினான். தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு, "தே, காத்து" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ரிசீவரில் போய் விழுந்தான். குழாயைக் காதில் அழுத்திக்கொண்டு திருட்டு இடத்தைத் தேடினான். அங்கே ஒன்றுமில்லை. முள்ளை மெல்ல நகர்த்தினான். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தன் சொந்த இடத்துக்கு, லைசென்ஸில் எழுதிக் கொடுத்த ஏழு மெகாசைக்கிளுக்கே வந்துவிட்டான்.

அங்கே இருந்தது. கணீரென்று, காதைப் பிளக்கும் பலத்தோடு.

ஏழு. எட்டு. ஆறு. பிறகு அவன் பெயர். கடைசிக் கோட்டில் அந்த இழுப்பு.

முன்னறையில் பாட்டரி வயர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் யாருமில்லை. அந்தக் கை மணவாளனோடு பேசிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ விழ, ஜமீலின் மனது தானாக அவற்றைத் தமிழாக்கிக்கொண்டே போயிற்று.

"நீ சொன்னது நிஜம் மணவாளா. என் செட்டில் ஒரு திருட்டு சிக்னல் இருக்கிறது. அச்சாக என் கை மாதிரியே அடிக்கிறது. டின் பெட்டி போட்டேன், பாதி போயிற்று. சுருள் போட்டேன், முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தை நாளை நாலு மணிக்குள் அறுத்துவிடுவேன்."

மணவாளன் பதில் அடித்தான். அவன் கையும் ஜமீலுக்குத் தெரியும். "நல்லது பாய். என்மேல் கோபம் வைக்காதே. முடிந்ததும் அரக்கோணம் வா, பிரியாணி சாப்பிடலாம்."

ஜமீல் பாய்ந்து முன்னறைக்குப் போனான். வயரை மாட்டினான். சாவியைப் பிடித்து, எலும்பு நோக அடித்தான். "மணவாளா, நான் ஜமீல். இதுதான் நான். அதை நம்பாதே. இதுதான் நான்." ஓடிவந்து குழாயை எடுத்தான்.

உஸ்ஸென்ற இரைச்சல்.

பிறகு அந்தக் கை, அவசரமே இல்லாமல்: "இதோ, இப்போதுகூட அடிக்கிறது. உனக்குக் கேட்கிறதா?"

மணவாளன்: "லேசாக. பாவம், சாகிற கொசு மாதிரி."

*

சனிக்கிழமை விடிந்தது முதல் அவன் செய்ததையெல்லாம் பிய்த்தான். சுருள்களை அறுத்தான். பெட்டியைப் பெயர்த்தான். தகடு விரலைக் கிழித்தது, ரத்தம் வரவில்லை. பிய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெட்டி மேசைமேல் முழுசாக இருந்தது. ஏழு சுருளும் அதனதன் இடத்தில். மறுபடி பிய்த்தான். மறுபடி இருந்தது. மத்தியானத்துக்குள் எத்தனை தடவை என்று கணக்கு விட்டுப்போயிற்று. மலை மணி அடித்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை.

"டீ போடட்டுங்களா?" என்றாள் ஹுசைனா, அடுக்களையிலிருந்து.

"போடு" என்றது ஒரு குரல்.

அவன் வாய் திறக்கவில்லை. குரல் அவனுடையது. நாற்காலியிலிருந்து வந்தது. நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான், அவனேதான் உட்கார்ந்திருந்தான். மடித்துவிட்ட சட்டைக் கை, விரல் இடுக்கில் கிரீஸ், கழுத்தில் வேர்வை. அது நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு வேலை இருந்தது.

நாலு மணிக்கு ஆபீசர் வந்தார். கூட ஒரு கான்ஸ்டபிள். பெரிய ரிசீவரை இறக்கி வைத்துக் குழாயை மாட்டிக்கொண்டார். நாற்காலியில் இருந்தது சாவியை அடித்தது. ஆபீசர் முள்ளை மேலும் கீழும் ஓட்டினார். ஹுசைனா கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜமீலும் நின்றான், அவள் பக்கத்திலேயே, அவளைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"சுத்தமா கீது" என்றார் ஆபீசர். "லைசென்ஸ் உன்கிட்டயே இருக்கட்டும். மெட்ராஸ் ஆளுங்ககூட இப்டிப் பண்ணமாட்டானுங்க. நல்ல வேலக்காரன்யா நீ."

ஹுசைனா அழுதுவிட்டாள். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சுவரில் சாய்ந்து அழுதாள். சித்தூர் இல்லை. ஸ்டேஷன் வாசல் இல்லை. புருஷன் அவளோடு இருப்பான். அந்த ஒரு கணம் ஜமீலுக்கும், என்ன கொடுமை, சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

ஜீப் போயிற்று. நாற்காலியில் இருந்தது எழுந்தது.

"ஹுசைனா, குழாய மாட்டு. இன்னும் ஒரு துளி மிச்சம் கீது."

"அதான் சுத்தம்னுட்டாரே?"

"அவருக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது."

அப்போதுதான் அது திரும்பியது. மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு ஜோடிக் கண்கள் ஜமீலை நேருக்கு நேர் பார்த்தன. கோபமில்லை. இரக்கமில்லை. பழுதைப் பார்க்கிற மெக்கானிக்கின் பார்வை. அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும்.

மூலைக்குப் பின்வாங்கினான். அது தகடுகளை எடுத்துக்கொண்டு வந்தது. ஆள் உயரத் தகடுகள். இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்த இடத்தில் தகடு இருந்தது. காலடியில் தகடு. தலைக்குமேல் தகடு.

"இதக் கொஞ்சம் புடி."

ஹுசைனா குழாயை மாட்டியபடியே வந்து கடைசித் தகட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடுக்கு வழியாக அவள் முகம் தெரிந்தது. ஒரு சாண் தூரம். அவள் மூச்சில் ஏலக்காய் வாடை. ஹுசைனா. ஹுசைனா, நான் இங்க. இங்க பாரு. அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி உன்னிப்பாகக் கேட்டாள்.

"ஆங். ஏதோ லேசா கேக்குதுங்க."

குங்கிலியம் புகைந்தது. கீழ் மூலையிலிருந்து ஈயம் ஏறத் தொடங்கியது. முழங்கால். இடுப்பு. அவன் தகட்டை அறைந்தான். உள்ளுக்குள் மட்டும் அதிர்ந்தது. கழுத்து. வெளிச்சம் விரல் அளவு. நூல் அளவு. அந்த நூலில் அவள் கண் ஒன்று, அவனைப் பார்க்காமல்.

"இப்ப?" என்றது அவன் குரல், வெளியிலிருந்து.

"இருங்க" என்றாள் ஹுசைனா. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தான். அவள் நன்றாகக் கேட்டுப் பார்த்தாள்.

"இல்லீங்க. இப்ப ஒண்ணும் இல்ல."

சூட்டுக்கோல் கடைசி மூலைக்கு வந்து நின்று, ஈயம் உருகி இடுக்கை நிரப்பும் வரை அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தது.